முப்பத்தொன்று, ஏற்றம்

நக்கஸ்ப் தாண்டித் தார் முடிந்தது.
எங்கள் பேச்சு அதற்கு முன்பே முடிந்திருந்தது.

பெற்றோல் கடைக்காரி டார்லீன்
(பெயரைச் சட்டையில் தைத்திருந்தாள்)
வாடகை ரேடியோ ஒன்றை நீட்டினாள்.
செங்கல் கனம்.
"வளைவுக்கு அங்கால் வருகிற மரலொறிக்கு
நீங்கள் தெரியமாட்டீர்கள்.
கிலோமீற்றர் பலகையைக் கண்டால்
இலக்கத்தைச் சொல்லுங்கள்.
ஏறினால் ஏற்றம், இறங்கினால் இறக்கம்.
வேறு கதை வேண்டாம்."

வேறு கதை வேண்டாம் என்றதும்
சுகிர்தா அதைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள்.

ஏழு, ஏற்றம், என்றாள் காட்டுக்கு.
எட்டு, ஏற்றம்.
பதினொன்றில் ஒரு ஓடை பாதையை அரித்திருந்தது.
நான் கியரை மாற்றினேன்.
அவள் பன்னிரண்டு என்றாள்.

பின் ஆசனத்தில் சோறு அவிக்கிற குக்கர்,
உண்டியலில் நாலு டொலர் போட்டுவிட்டு
ஆளில்லாத தட்டியில் நாங்களே எடுத்த பிளம்ஸ்,
அவற்றுக்குக் கீழே எங்கேயோ
என் தம்பிக்காக நான் கையெழுத்து வைத்த கடன்.
தொகை அவளுக்கு முந்தாநாள்தான் தெரியும்.
வங்கிக்காரன் சொல்லித் தெரியும்.

மலை முழுக்க லார்ச் பழுத்திருந்தது.
எவரும் அடகு வைக்க முடியாத பொன்.
இதைச் சொல்ல வாயெடுத்து
அடகு என்ற சொல்லில் தடக்கி
விழுங்கிவிட்டேன்.

மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுப் பழகி
அவளும் ஒன்று சேர்த்துக்கொண்டாள்:
முப்பத்தொன்று, ஏற்றம், வெறுமை.

ரேடியோ இருமியது.
ஒரு கிழட்டுக் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு.
வெறுமை, சுமை எல்லாம் லொறிகளுக்குத்தானாம்.
எங்களை என்னவென்று சொல்வதாம் என்றேன்.
இரண்டு நாளில் நான் கேட்ட முதல் கேள்வி.
அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி
தமிழாக்கிச் சொன்னாள்:
"நாங்கள் சும்மா பிக்கப்."

பிறகு அதே குரல், சிரிப்பில்லாமல்:
முப்பத்துமூன்று, இறக்கம், சுமை.
ஒதுங்க அகலமான இடம் முப்பதரையில்.
அதை நாங்கள் கடந்து வந்திருந்தோம்.

என் பக்கம் பள்ளம். அடியில் ஆறு
நூல் போலக் கிடந்தது.
சுகிர்தா இறங்கினாள்.
வண்டிக்குப் பின்னால் நடந்தாள்,
பலகையில் தட்டித் தட்டி,
பருத்தித்துறை பஸ் கொண்டக்டரைப் போல:
றைற், றைற், இன்னும் வா,
உன்ர பக்கம் வெட்டாதை, ஐயோ வெட்டாதை எண்டுறன்,
றைற், றைற்.
ஐந்நூறு மீற்றர்.
கண்ணாடியில் அவளுடைய உள்ளங்கை மட்டும்.
அதை நம்பித்தான் பின்னால் போனேன்.
வேறு வழியிருக்கவில்லை என்பது உண்மைதான்;
இருந்திருந்தாலும்.

லொறி வந்தது. நிலம் முதலில் அதிர்ந்தது,
பிளம்ஸ் உருண்டன.
முப்பது நாற்பது மரங்கள்
படுத்தபடியே எங்களைக் கடந்து போயின.
ஓட்டி ஸ்டியரிங்கில் இருந்து
ஒற்றை விரலை மட்டும் உயர்த்தினார்.
புழுதி அடங்க வெகுநேரம் சென்றது.
தலைமயிரெல்லாம் நரைத்து ஏறி உட்கார்ந்தவள்
ஒரு பிளம்ஸைச் சட்டையில் துடைத்துக் கடித்தாள்.
மிச்சப் பாதியை என் பக்கம் வைத்தாள்.
தந்தாள் என்று சொல்லமாட்டேன். வைத்தாள்.

காஸ்லோவில் ஒரு தெரு, ஒரு நாய்,
வெள்ளிக்கிழமை மீன்பொரியல் என்று ஒரு பலகை.
மோட்டல் ஹீற்றர் ராத்திரி முழுக்கப்
பல்லைக் கடித்தது.
ரேடியோவை விடியத்தான்
டார்லீனின் தங்கையிடம் கொடுக்க வேண்டும்.
அது மேசையில், பச்சை வெளிச்சத்தோடு.

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.
சுவரைப் பார்த்துப் படுத்தபடி சொன்னாள்,
ரேடியோவுக்கு இல்லை:
"நாற்பத்தாறு. இறக்கம். சுமை."

எங்கே நிற்கிறேன் என்று
நானும் சொல்லியிருக்க வேண்டும்.
இருட்டில் பலகையைத் தேடிக்கொண்டிருந்தேன்.