பதினொன்றாம் கேள்வி

காந்தத்தை நாங்கள் அணைப்பதில்லை.
வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் சொன்னது அதைத்தான்.
விளக்குகள் அணைந்தாலும்
கொமொதோரோவின் காற்று மின்கம்பியை அறுத்துப்போட்டாலும்
அது விழித்திருக்கும்.
படம் எடுக்காத நேரத்திலும் இழுக்கும்.

தரை துடைப்பவர் ஒருவர்
இரும்பு வாளியோடு உள்ளே போனார்,
வெறுங்கையோடு திரும்பினார்.
மறுநாள் மதியம்வரை வாளி
இயந்திரத்தின் வாயில்
பாதி விழுங்கிய இரைபோல நின்றது.

அதனால் கேட்கிறேன்,
நாளொன்றுக்குப் பதினான்கு பேரிடம், இருபத்தாறு கேள்விகள்.
இதயத்தில் பேஸ்மேக்கர்? மூளைக்குள் கிளிப்?
தோளில் ஒட்டிய மருந்துப்பட்டை?
(அதன் முதுகில் மெல்லிய உலோகத்தாள் இருக்கலாம், சுடும்.)
பச்சை குத்தியதுண்டா?
கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா?
இதை ஆண்களிடமும் வாய்தவறிக் கேட்டிருக்கிறேன்.
எண்ணெய்க் கிணற்றுக்காரர் ஒருவர்
வயிற்றைத் தடவிப் பார்த்து யோசித்தார்.

செவ்வாய்க்கிழமை எவரிஸ்தோ கிலோத்ரான் வந்தார்.
அறுபத்திரண்டு வயது, இடுப்புவலி, மரத்துப்போகும் கால்.
பக்கத்தில் மனைவி நீல்டா,
அவருடைய கோட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு.
பதில் எல்லாம் அவள்தான்.
அறுவை சிகிச்சை? குடலிறக்கம், வலப்பக்கம்,
அந்த வருடம் பனி முழங்கால்வரை.
பல்செட்? மேல்வரிசை மட்டும்.
ஒவ்வாமை? இறால். என் தங்கையும்.

பதினொன்று:
உடம்பில் எங்காவது
உலோகத் துணுக்கு, தோட்டா, குண்டுச்சிதறல்?

"இல்லை" என்றாள்.
"இல்லை" என்றார்,
அரை நொடி கழித்து.

அந்த அரை நொடியை எனக்குத் தெரியும்.
பதினேழு வருடப் பழக்கம்.

"சென்யோரா, இவர் மோதிரத்தையும் கார் சாவியையும்
வெளியே லாக்கரில் வைத்துவிட்டு வருகிறீர்களா?"

கதவு மூடியது.
காற்று ஜன்னலில் மணலை வாரி எறிந்தது.
நான் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.
பேனாவை மட்டும் மூடி வைத்தேன்.

இடது தொடையைத் தொட்டார்,
பிறர் பொருளைத் தொடுவதுபோல.
"குதிரை தள்ளிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.
முப்பத்தைந்து வருடமாக அது குதிரைதான்."

பிறகு, தரையைப் பார்த்து:
"தீவுகளிலிருந்து எங்களை ராத்திரியில் இறக்கினார்கள்.
எனக்குப் பத்தொன்பது வயது.
கீழே இறங்கியதும் ஒரு தாள்.
பார்த்ததை எவரிடமும் பேசமாட்டேன், கையெழுத்து.
சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் நான்.
இப்போதும் உங்களிடம் சொல்லவில்லை.
ஒரு தாள் வாயைக் கட்டியது,
இன்னொரு தாள் கேட்கிறது.
தாளுக்குத்தான் பதில்."

எக்ஸ்ரேயில் மூன்று இருந்தன.
இரண்டு, கோதுமைமணி.
மூன்றாவது ஒரு பல்லைப்போல,
தொடையின் பெரிய ரத்தக்குழாய்க்கு
அரை விரல் தள்ளி,
நாற்பத்துமூன்று வருடம் அசையாமல்.
மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார்:
காந்தம் வேண்டாம், வேறு வழி பார்ப்போம்.

"ஏன் எடுக்கவில்லை?" என்று நீல்டா என்னைக் கேட்டாள்.
நான் அவரைப் பார்த்தேன்.
அவர் கோட்டை வாங்கி
ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டார்,
கடைசிவரை.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
வாகன நிறுத்தத்தில்
காற்று பிய்த்துக்கொண்டு போகாமலிருக்க
கார் கதவை இரு கையாலும் பிடித்தபடி அவள்.
அவர் பேசிக்கொண்டிருந்தார்.
வாய் அசைவது மட்டும் தெரிந்தது.
அவள் ஏறவில்லை.
வெகுநேரம் ஏறவேயில்லை.

சாவியை எடுத்தவர்கள் மோதிரத்தை மறந்திருந்தார்கள்.
வியாழன் காலை அவள் தனியாக வந்தாள்.
மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்தாள்,
வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"அந்தப் படிவத்தில்
எழுதாதது ஒன்று கிடைக்குமா?"

பதினொன்றாம் கேள்வி மட்டுமா என்று கேட்டேன்.

இருபத்தாறும் வேண்டுமாம்.