எச்சம்

சனிக்கிழமை பத்து மணிக்குள் போய்விட வேண்டும்
பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கு.
பத்தரைக்குக் குப்பை லாரி.
லிம் சியூ ஹோங் எங்களைக் கண்டதும்
காலால் ஒரு பெட்டியை முன்னே தள்ளுவார்.
அவர் சொல்லும் காலை வணக்கம் அவ்வளவுதான்.

கால் பின்னிக்கொண்ட கேரட்,
வழியில் இடிபட்டுக் கன்னம் கன்றிய தக்காளி,
கேமரன் மலையிலிருந்து இரவெல்லாம் குலுங்கி வந்த
முட்டைக்கோஸ்.
மேலே நான்கு இலை அழுகல்;
உரித்தால் உள்ளே வெயில் படாத வெள்ளை.
"விலை போகாது, டீச்சர்"
என்கிறார் வேன் ஓட்டும் ஜைலானி.
பின்கதவு மூடமாட்டேன் என்கிறது.

நான் ஏன் வருகிறேன் என்று அவர் கேட்டதில்லை.
மகளின் இருபத்தோராம் பிறந்தநாளுக்கு
எண்பது பேருக்குச் சொன்னோம்.
முப்பத்தொன்பது பேர் வந்தார்கள். மழை.
மீஹூன் இரண்டு தட்டு,
மட்டன் பிரட்டல் கை படாமல் ஒரு தட்டு,
மூடியில் கேட்டரிங்காரர் ஒட்டிப்போன சீட்டு:
'நான்கு மணிக்குள் உண்ணவும்.'
ஆறு மணிக்குக் கறுப்புப் பையில் கட்டிக்
குப்பைக்குழாயில் நான்தான் தள்ளினேன்.
பதினோராம் மாடியிலிருந்து விழுந்த அந்தச் சத்தம்
இன்னும் தரையைத் தொடவில்லை.

ஈசூன். புளோக்கின் கீழ்த்தளம்.
சமூகக் குளிர்பெட்டி இரண்டு. வரிசை, தள்ளுவண்டிகள்.
ரோஸ்னா அக்கா பூசணியை வெட்டிக்கொண்டிருக்கிறார்,
முழுசாக வைத்தால் யாரும் தூக்குவதில்லை.
அஞ்சல்பெட்டிகள் பக்கம் ஒருவர்
தன் பெட்டியைத் திறக்கிறார், மூடுகிறார்,
மறுபடி திறக்கிறார்.
மூன்றாம் முறையும் அதே மின்கட்டணம்தான் இருக்கும்.
தமிழர். நானும் தமிழ் என்பதுதான் சிக்கல்.
ரோஸ்னா அக்காவுக்குத் தெரியாத ஒரு சொல்
எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது:
எச்சில்.

நான் குனிந்து
அவிழ்க்கத் தேவையில்லாத ஒரு கயிற்றை
வெகுநேரம் அவிழ்த்தேன்.
நிமிர்ந்தபோது கேரட்டில் நான்கு குறைந்திருந்தது.
அஞ்சல்பெட்டி மூடியிருந்தது.

திங்கள். உயர்நிலை இரண்டு, இலக்கணம்.
எச்சம் என்றால் என்ன?
"முடியாத சொல், டீச்சர்" என்றான் இன்பவாணன்,
ஜன்னலைப் பார்த்தபடி.
சரிதான். வந்து, எடுத்து, சமைத்து;
யாராவது ஒரு வினை கொடுத்தால்தான் முடியும்.
எச்சிலும் எச்சமும் ஒரே வேரா என்று
யாரும் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை
நாங்கள் பெட்டிகளை இறக்குவதற்கு முன்பே
குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் கறிவேப்பிலை.
தாழ்வாரத் தொட்டியில் வளர்ந்த குட்டை இலை,
ஆறு கொத்து, ஒவ்வொன்றும்
அஞ்சல்பெட்டிகளில் திணித்துப்போகும்
ஏர்கான் விளம்பரத் தாளில் சுற்றி.

ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.
வீட்டில்
எண்ணெய் காய்ந்து,
கடுகு வெடித்து,