ஈரத்துக்குக் கழிவு

ஐப்பசியில் கோத்தகிரியில்
சாக்ஸ் காய்வதில்லை.
மூன்று நாள் கொடியில் கிடந்தாலும்
தொட்டால் தவளை.

அதனால் ராத்திரி ஏழரைக்கு
கெசியாவுடையது இரண்டு, பெனாயாவுடையது இரண்டு
பையில் போட்டுக் கொடுத்தனுப்புவேன்
கீழ்ச்சந்து வர்க்கி அடுப்புக்கு.
எப்சிபா அதன் பின்சுவரில்
என் பிள்ளைகளுக்கென்றே
நான்கு ஆணி அடித்து வைத்திருக்கிறாள்.
காலை ஐந்தரைக்குத் திரும்பி வரும்,
அப்பளம்போல் விறைத்து, டால்டா மணக்க.

அந்த அடுப்புக்குத்தான் பணம் கொடுத்தேன்.
போன வருஷ மழையில் வளைவு இடிந்தபோது
சீட்டு எடுத்த கையோடு
பதினோராயிரம்.
"கிறிஸ்துமஸுக்குள்ள தந்துடறேன்க்கா."
எந்தக் கிறிஸ்துமஸ் என்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

தேயிலை ஃபேக்டரியில் நான் இலைக்கணக்கு எழுதுகிறவள்.
மழை நாளில் மூட்டை தராசில் ஏறினால்
நூற்றுக்குப் பத்து கிலோ
ஈரத்துக்குக் கழிப்பேன்.
"மழையை நானா ஊத்தினேன்?" என்பார்கள்.
பேனா பாட்டுக்குக் கழித்துக்கொண்டே போகும்.
அதே பேனாவால்தான் வீட்டு நோட்டிலும் எழுதினேன்:
எப்சி, 11,000.
கீழே கோடு. இரண்டு கோடு.

ஞாயிறு ஆராதனையில் அவள் எனக்கு முன்வரிசை.
புதுச் சேலையில் வந்த அன்று
பிரசங்கம் ஒன்றும் எனக்கு ஏறவில்லை,
அவள் முந்தானைக்கு விலை போட்டுக்கொண்டிருந்தேன்.
சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில்
திரும்பி என் கையைப் பிடித்தாள்.
உள்ளங்கையில் பழைய சூட்டுத் தழும்பு,
சொரசொரவென்று.
சேலை அவள் தங்கச்சியுடையது என்று
பிறகு தெரிந்தது.
தெரிந்து என்ன, விலை போட்டாயிற்று.

செவ்வாய்க்கிழமை கரண்ட் இல்லை.
மலைப்பாதையில் மரம் விழுந்து
இவர் மேட்டுப்பாளையத்திலேயே
லாரியில் படுத்துவிட்டார்.
மெழுகுவர்த்தியில் குடும்ப ஜெபம்.
பெனாயா என் மடியில் பாதித் தூக்கம்.
கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லிவந்த கெசியா
கடன் வரும் இடத்தில் நின்றாள்.
மறந்துவிட்டாளென்று எடுத்துக்கொடுத்தேன்.

"மறக்கலம்மா.
எப்சி அத்தை நம்ம கடனாளியா?"

"யார் சொன்னா?"

"நோட்டுல இருக்கே."

மெழுகு என் விரலில் சொட்டியது.
ஆமா என்றேன். ஜெப நேரத்தில் எப்படிப் பொய் சொல்ல?

"அப்போ சாக்ஸுக்கு நாம எவ்ளோ தரணும்?
ராத்திரிக்கு நாலு...
தம்பி பொறந்து நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ
நான் அவங்க வீட்லதானே சாப்பிட்டேன், பதினேழு நாள்?
அது எந்த நோட்டுல இருக்கு?"

"ஆமென் சொல்லு."

"இன்னும் முடியலையேம்மா."

பக்கத்தைக் கிழித்தேன் என்று எழுதத்தான் ஆசை.
கிழிக்கவில்லை.
பதினோராயிரம் பதினோராயிரம்தான்,
ஜூனில் பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள்.
பிள்ளைகளைத் தூங்கவைத்து, கதவைச் சாத்தி,
குடையெடுத்துக்கொண்டு
பையை அன்று நானே கொண்டுபோனேன்.

முழங்கை வரை மாவோடு நின்றாள் எப்சி.
பின்சுவரில் நான்கு ஆணியும் காலி.
அவள் மகனுடைய சாக்ஸ்
மைதா மூட்டைமேல்
ஈரமாகவே கிடந்தது.

"அக்கா, இந்த மாசம் எப்படியாச்சும்..." என்று ஆரம்பித்தாள்.
"மாவு காயுது பாரு" என்றேன்.
ஒரு ஆணிக்கு இரண்டாக மாட்டினேன்,
அவள் பையனுடையதை முதலில்.
அப்புறம் இரண்டு பேரும்
அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றோம்.
பேச்சு தக்காளி விலையைப் பற்றி.

காலையில் பஸ் ஸ்டாப் வரைக்கும்
ஒரு நாய்
பெனாயாவின் காலை மோந்துகொண்டே வந்தது.