திரையோரப் புள்ளி

டிட்பின்பில்லாவில் பின்னிரவு மூன்று மணி.
பெரிய அலைவாங்கியின் அடியில்
கங்காருகள் மேய்கின்றன.

சிறுகோளின் படம்
வரிவரியாக இறங்குகிறது.
முதலில் கருமை. பிறகு நெற்றி.
அம்மைத் தழும்புபோல் குழிகள்.

மெரின் ட்ரகென்சா
திரையோரப் புள்ளி ஒன்றைச்
சட்டைக் கையால் துடைக்கிறாள்.
போகவில்லை.
எச்சில் தொட்டுத் துடைக்கிறாள்.
"கெட்ட பிக்சல்" என்கிறான் லாக்லன்,
வாய் நிறைய சாண்ட்விச்சோடு.

அடுத்த படத்தில்
புள்ளி நகர்ந்திருக்கிறது.
அதற்கும் ஒரு பக்கம் வெயில்,
ஒரு பக்கம் இருட்டு.
கல்லுக்கு ஒரு நிலா.
அதுவும் கல்தான்.

பதிவேட்டில் முன்பே எழுதிவிட்டாள்,
ஒன்றுமில்லை என்று.
அவள் மொழியில்
முழுச்சொல்லையும் அடிக்க வேண்டும்.
பக்கத்து நாற்காலியில் இருக்கும் என் மொழியில்
வாலை அடித்தால் போதும்:
ஒன்று.

மெரின் இன்னும்
சட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.