புள்ளிக் கணக்கு

பெட்டி ஒன்று இரண்டு புள்ளி ஒன்பது ஐந்து டொலர்.
ஐயாயிரம் எடுத்தால் நாற்பது சதம்.
எனக்குத் தேவை இருநூறு.
வடையையே ஆறு டொலருக்குத்தான் விற்கிறேன்.

நாலு நிறத்துக்கு நாலு தகடு,
தகட்டுக்கு நூற்றுப்பத்து.
முதலில் மயிலைக் கைவிட்டேன்,
நீலமும் பச்சையும் அதோடு பறந்தன.
பிறகு பொன் விளிம்பு.
மூடியில் கண்ணாடிச் சன்னல் வெட்டத்
தனி அச்சு வேண்டும் என்றார்கள்.
சன்னலைச் சாத்தினேன்.
யோகநேசன் சிவப்பில் வரைந்த வெளிச்சவீடு மட்டும்
இரண்டு நாள் தாக்குப்பிடித்தது.
அதையும் எடுத்தபின்
அவர் என்னோடு கதைக்கவில்லை.

மிஞ்சியது மண்ணிற அட்டை,
ஒன்றும் எழுதாதது,
ஐந்நூறுக்குக் குறையாமல்.

தோமஸ் வீதியில் பிஸ்கட் சுடுகிற ஃபரிஷ்தாவிடம்
உன் பிஸ்கட் எவ்வளவு உயரம் என்று கேட்டேன்.
ஏன் என்று கேட்காமல்
அடிமட்டத்தோடு வந்தாள்.
என் வடை தட்டை, அவளுடையது குண்டு.
நான் ஒரு சென்ரிமீற்றர் ஏறினேன்,
அவள் அப்பச்சோடாவைக் கொஞ்சம் குறைத்தாள்.
அவளுக்கு முன்னூறு, எனக்கு இருநூறு.
எழுபத்திரண்டு சதம்.
டண்டினோங் ஓகஸ்ட் குளிரில், என் கராஜில்,
எந்த மொழியும் ஏறாத ஐந்நூறு பெட்டி.

பெயருக்கு ஒரு ரப்பர் முத்திரை,
ஸ்பிரிங்வேலில், முப்பத்தெட்டு டொலர்.
முதல் குத்திலேயே தெரிந்துவிட்டது:
பருததித்துறை வடை.
தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டேன் என்றான் கடைப் பொடியன்.
ஒன்றைத் துடைத்தவன்
மற்றதை ஏன் விட்டான் என்று
இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.
திருத்தினால் இன்னொரு முப்பத்தெட்டு.
இருநூறால் வகுத்தேன், பத்தொன்பது சதம்.
கறுப்புப் பேனா இரண்டு டொலர்.
வகுத்தால் ஒரு சதம்.

அன்றிரவுதான் யோகநேசன் வாய் திறந்தார்:
"பேனாவைத் தாரும்."

அறுபதாவது பெட்டியில்
தன் பங்கை ஏற்ற வந்த ஃபரிஷ்தா
கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.
இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றாள்.
மூச்சு நிற்க வேண்டிய இடத்தில்
நிற்காமல் ஓடிவிடும் என்றேன்,
வேறெப்படிச் சொல்வதென்று தெரியாமல்.
எங்கள் எழுத்திலும் அப்படித்தான்,
ஒரு புள்ளி தவறினால் வேறு சொல் என்று
கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.
முதல் மூன்று பெட்டியில்
புள்ளியைக் கீழே வைத்தாள்.
அவற்றையும் விற்றோம்.

சனிக்கிழமைச் சந்தையில் மத்தியானத்துக்குள்
எண்ணெய் கசிந்து அட்டை அங்கங்கே
உள்ளே தெரியுமளவுக்குக் கண்ணாடியானது.
காசு கேளாமல் வந்த சன்னல்.
ஒரு கிழவர் அதனூடாக வடையை எண்ணிப் பார்த்தார்,
பத்து இருக்கிறதா என்று.
இருந்தது.

அடுத்த முறை உள்ளே மெழுகுத்தாள் விரிக்க வேண்டும்.
விசாரித்துவிட்டேன்.
ஆயிரத்துக்குக் குறையாமலாம்.

ஃபரிஷ்தா அடிமட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.