பதினான்காம் வினா, (ஆ) பகுதி

பாடநூலில் கொழும்பிலிருந்து புறப்படும் ரயில்
மல்லாவிக்கு வருவதேயில்லை.
ஆகவே என் பயிற்சிக் கைநூலில்
துணுக்காய்ச் சந்தியிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்கு
ஒரு பஸ்ஸைப் புறப்பட விட்டேன்,
மணிக்கு முப்பது கிலோமீற்றர்.
வீதி அதற்கு மேல் விடாது.
உருளைக்கு நீலத் தண்ணீர்த் தாங்கி,
சரிவகத்துக்கு வவுனிக்குளத்து வாய்க்காலின் வெட்டுமுகம்.
நிகழ்தகவுக்குத்தான் ஊரிலிருந்து எதையும் எடுக்க மனம் வரவில்லை.
சாயம் பூசிய பந்துகளைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

பதினோராம் தரம். நூற்றிருபது வினா.
பின்பக்கத்தில் செய்முறையோடு விடை.
படிக்கொரு வரி,
சமன் குறிகள் ஒன்றின்கீழ் ஒன்று நிற்கவேண்டும் என்று
போட்டோகொப்பிக் கடை இன்பரூபனோடு
இரவு பதினொரு மணிவரை சண்டை பிடித்தேன்.

பதினான்கு எனக்குப் பிடித்த வினா.
ஒரு பெண் நாற்பதாயிரம் ரூபா கடன் பெறுகிறார்.
ஆண்டுக்கு முப்பது வீத எளிய வட்டி.
ஐம்பத்திரண்டு சமமான வாராந்தத் தவணைகள்.
தவணைப் பணம் எவ்வளவு?

வட்டி பன்னிரண்டாயிரம். மொத்தம் ஐம்பத்திரண்டாயிரம்.
வகுத்தால் மீதியில்லாமல் ஆயிரம்.
விடை இப்படி முழு எண்ணாக வந்து விழும்போது
கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு சின்னத் திமிர் வரும்.

மாசியில் ஒரு பிற்பகல்
சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்தாள்
நிதர்சினியின் அம்மா, ஜெகதீஸ்வரி.
கையில் மகளின் கைநூல்.
பதினான்காம் வினாவுக்கு அடையாளமாக உள்ளே வைத்திருந்தது
மஞ்சள் கடன் அட்டை. அதில் முப்பத்தொரு கையெழுத்து.

“ரீச்சர், உங்கட கணக்குப் பிழையில்லை.
நானும் செய்து பார்த்தன், ஆயிரம்தான் வருது.
ஆயிரம்தான் கட்டுறன்.
ஆனா கடைசிக் கிழமை என்ர கையில
அவையின்ர காசு ஆயிரமும் நிக்காது.
அந்தக் கிழமைக்கும் நாப்பதாயிரத்துக்கு ஏன் வட்டி?”

செய்முறையைத் திரும்பிப் பார்த்தேன்.
நான்கு படி. யார் திருத்தினாலும் முழுப்புள்ளி.
அவள் கேட்டது அதில் எங்கேயும் இல்லை.

பிழைத்துப்போன அச்சுத்தாளின் முதுகில் தொடங்கினோம்.
நாற்பதாயிரத்தில் ஆரம்பித்து
கிழமைக்குக் கிழமை ஒரே அளவாய் இறங்கும் கடன்,
இது கூட்டல் விருத்தி,
அறுபத்தேழாம் வினா, அதே கைநூல்.
இரண்டையும் நானே எழுதி
நாற்பது பக்கம் தள்ளி வைத்திருந்தேன்,
ஒரே ஒழுங்கையில் முகம் பார்க்காத இரு வீட்டார்போல.

ஐம்பத்திரண்டு உறுப்பையும் கூட்டினால்
பத்து இலட்சத்து அறுபதாயிரம்.
ஐம்பத்திரண்டால் வகுக்க,
இருபதினாயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து.
வருடம் முழுக்கச் சராசரியாய் அவள் கையில் இருக்கும் கடன்
இவ்வளவுதான்.
வட்டி மட்டும் அதே பன்னிரண்டாயிரம்.
ஐம்பத்தெட்டுத் தசம் ஒன்பது வீதம்.

“கிட்டத்தட்ட அறுபது எண்டு போடுவமா?” என்று கேட்டேன்.
“வேண்டாம். அந்தத் தசத்தையும் எழுதுங்கோ.
அவையள் எங்களுக்கு ஒரு சதம் விடேல்லை.”

செவ்வாய்க்கிழமை, பவளராணி வீட்டுப் பந்தலின் கீழ்
ஒன்பது பெண்கள், ஒன்பது பிரதி.
வசூலுக்கு வந்த பொடியன் ஹெல்மெற்றைக் கழற்றாமலே
இரண்டு தரம் வாசித்தானாம்.
“இது எங்கட சிஸ்ரத்தில இல்லை, அக்கா.”
ஒன்பதாயிரத்தை எண்ணி எடுத்துக்கொண்டு போனான்.
தாளில் ஒன்றையும் மடித்துப் பொக்கற்றில் வைத்தான் என்றாள்,
ஏன் என்று தெரியாது.

இரண்டாம் பதிப்பில் ஒரு பகுதி சேர்த்திருக்கிறேன்.
(ஆ) அப்பெண்ணிடம் ஆண்டு முழுவதும் இருந்த
சராசரிக் கடன் தொகையைக் காண்க.
‘முப்பது வீதம்’ என்பது பற்றி யாது கூறுவீர்?
செய்முறை ஒன்றரைப் பக்கம்.
சமன் குறிகள் அங்கங்கே விலகித்தான் நிற்கின்றன.

“இதுக்கு எத்தனை புள்ளி போடுறது?”
இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிறான் இன்பரூபன்.
அடைப்புக்குறி வெறுமையாய்க் கிடக்கிறது.
பொறு, ஜெகதீஸ்வரியைக் கேட்டுச் சொல்கிறேன்.