வெள்ளைக் காலுறை

கிரீனக் ஊரில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
கிரெகர் எடுத்த மூன்றாம் மாடி வீட்டில்
நான்கு மாதமாக ஆள் இல்லை.
முன்பு இருந்தவள் பூனையைக் கொண்டுபோனாள்,
பூனையின் குடித்தனக்காரர்களை விட்டுவிட்டு.

அவனுக்கு அது தெரியாது.
சனிக்கிழமை உனா வந்தாள்.
ஒரு கையில் பள்ளிப் பை,
மறு கையில் கூண்டு, கூண்டுக்குள் இரண்டு கினிப்பன்றிகள்:
மேஜர், மிஸஸ் டாஃப்.
இரண்டும் பெண்தான்.
மேஜர் என்பது மீசைக்காக வைத்த பெயர்.

ஞாயிறு விடியும்போது அவன் கணுக்காலில்
வரிசையாக மூன்று சிவப்பு.
மேஜர் பின்னங்காலால் தன்னையே உதைத்துக்கொண்டிருந்தது.
கழுத்து முடியை ஊதிப் பிரித்தான்.
மிளகுத்தூள் மாதிரி ஏதோ.
ஈரத் துணியில் ஒற்றினால்
துரு நிறத்தில் படர்ந்தது.
மேஜரின் ரத்தம்,
யாரோ குடித்து, செரித்து, போட்டுவிட்டுப் போனது.

"அம்மாகிட்ட சொல்லமாட்டேன்," என்றாள் உனா,
அவன் எதுவும் கேட்காமலே.

கடையில் பூனைக்குச் சொட்டு மருந்து இருந்தது, நாய்க்கும் இருந்தது.
பெட்டியின் பின்பக்கத்தை இரண்டு தடவை வாசித்து
அங்கேயே வைத்துவிட்டு வந்தான்.
டாக்டர் ஓகில்வி மேஜரைத் தராசில் உட்காரவைத்தார்:
தொள்ளாயிரத்து நாற்பது கிராம்,
அசைந்தால் நாற்பத்திரண்டு.
"நல்லவேளை, வாங்கவில்லை.
இவர்களுக்கு வேறு மருந்து, எடை பார்த்து.
ஆனால் இவர்கள் மேல் இருப்பது கொஞ்சம்தான்.
மிச்சமெல்லாம் உங்கள் கம்பளத்தில், கூட்டுக்குள், தூங்குகிறது.
காலடி அதிர்ந்தால்தான் எழுந்து வரும்.
அதனால் நடங்கள்.
நன்றாக, எல்லா அறையிலும் நடங்கள்."

தெள்ளு.
தமிழில் இந்தப் பூச்சிக்கும்
முறத்தில் தட்டித் தட்டிக் குருணை பிரிப்பதற்கும்
ஒரே சொல்.
கிரெகர் அதை அறிய நியாயமில்லை.
ஆனாலும் மடியில் துண்டு விரித்து
நெருக்கிய பல் சீப்பால்
முடி முடியாகத் தெள்ளினான்.
மிஸஸ் டாஃப் முதலில் திட்டியது,
பிறகு கொத்தமல்லிக்குச் சமாதானமானது.
பக்கத்தில் ஒரு கோப்பை சோப்புத் தண்ணீர்.
உயரம் தாண்டுகிற பிராணிக்கு
அதில் கால் ஊன்ற இடமில்லை.

கூண்டு விரிப்புகள் அறுபது டிகிரியில் சுழன்றன.
வைக்கோலைக் கட்டி எறிந்தாயிற்று.
தூசி உறிஞ்சியின் பையை
இரவு பதினொன்றுக்கு, மழையில், செருப்பில்லாமல்
தெருமுனைக் குப்பைத்தொட்டிக்கு எடுத்துப்போனான்,
அது உயிரோடிருக்கிறது என்று தெரிந்தவன் நடக்கிற நடையில்.

கீழ்வீட்டுக்குக் கேட்குமே என்று
குடிவந்த நாள்முதல் நுனிக்காலில் நடந்தவன்.
இப்போது முழங்கால்வரை வெள்ளைக் காலுறை இழுத்துவிட்டு
தொம் தொம் என்று நடந்தான்.
பின்னால் உனா, அதே காலுறை, தொடைவரை.
சமையலறை, கூடம், அவளுடைய சின்ன அறை.
வெள்ளையில் கறுப்பாய் வந்து ஒட்டின.
"முப்பத்தொண்ணு!"
கதவில் சாக்பீஸால் எழுதினாள்.
கீழிருந்து யாரோ கூரையைத் தட்டினார்கள்.
இவள் திருப்பித் தட்டினாள்.

"அம்மாகிட்ட சொல்லு," என்றான் அன்று மாலை.
"எல்லாத்தையும் சுடுதண்ணியில் துவைக்கச் சொல்லு."
சட்டையை வாங்கிக்கொண்ட ஷோனா
வாசலிலேயே நின்று உதறினாள்.
அடுத்த சனி பற்றி எதுவும் சொல்லவில்லை,
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பதினேழு.
ஒன்பது.
மூன்று.
பிறகு பதினொன்று, ஏனென்று தெரியவில்லை,
டாக்டருக்குத் தெரிந்திருந்தது:
"கடைசியாக விழித்தவை. நிறுத்தாதீர்கள்."

புதன்கிழமை அவன் மட்டும்.
விளக்கடியில் வைத்த சோப்புத் தட்டில் எதுவும் விழவில்லை.
வெள்ளைக் காலுறையைத் தேடிப் போட்டுக்கொண்டு
சின்ன அறையில் கட்டிலைச் சுற்றி
மூன்று சுற்று, ஓங்கி மிதித்து, வந்தான்.
குனிந்து பார்த்தான்.
ஒரே ஒன்று, கணுக்கால் மடிப்பில்.
நான்கு மாதமோ ஐந்து மாதமோ
ஒரு காலடிக்காகப் படுத்திருந்த ஒன்று.

போனில் தட்டினான்: ஒண்ணு.

ஷோனாவின் எண்ணிலிருந்து பதில் வந்தது,
எழுத்துப் பிழையோடு,
அதனால் ஷோனா இல்லை:

கொண்ணுட்டியா?